உலகத்தை நியாயந்தீர்க்கப்போவது யார்? 1 கொரிந்தியர் 6 பற்றி ஒரு விவாத இழை

நவம்பர் 3, சிங்கப்பூர் பூன் லே வாசகரின் கேள்வி

எங்கள் வீட்டுக்கூட்டத்தில் போன வாரம் சண்டையே வந்துவிட்டது. 1 கொரிந்தியர் 6 வாசித்தோம். "பரிசுத்தவான்கள் உலகத்தை நியாயந்தீர்ப்பார்களென்று அறியீர்களா?" என்று பவுல் கேட்கிறார். அடுத்த வசனத்தில் தேவதூதர்களையும் என்கிறார். கூட்டம் நடத்துகிற அண்ணன், "இரகசிய வருகையில் போகிறவர்களுக்கு ஆயிரவருட அரசாட்சியில் ஆளுக்கொரு ஊர். ஜூரோங்கை எனக்குக் கேட்டு வைத்திருக்கிறேன்" என்றார் சிரித்துக்கொண்டே. (இயேசு விசுவாசிகளை இரகசியமாக மேலே எடுத்துக்கொள்வதைத்தான் இரகசிய வருகை என்பார்கள். அதற்குப் பிறகு அவர் பூமியில் ஆயிரம் வருடம் ஆளுவார் என்பது ஆயிரவருட அரசாட்சி.) ஒரு அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "எங்கம்மா இன்னும் சிராங்கூன் ரோட்டுக் கோயிலுக்குப் போறவங்க. அவங்களை நான் மேலே உட்கார்ந்து தீர்க்கணுமா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். வேதம் அப்படித்தான் சொல்கிறதா? அப்படியானால், மற்றவர்களைத் தீர்க்காதிருங்கள் என்கிற மத்தேயு 7:1 என்ன ஆவது?

நவம்பர் 3, இரவு

ஜூரோங் அண்ணன் ஆதாரமில்லாமல் பேசவில்லை. லூக்கா 19இல் ஒரு ராத்தலைப் பத்து ராத்தலாக்கிய ஊழியக்காரனுக்குப் பத்துப் பட்டணங்களின்மேல் அதிகாரம் கிடைக்கிறது. அதோடு 1 கொரிந்தியர் 6, வெளிப்படுத்தல் 20 இரண்டையும் சேர்த்தால் அவர் சொல்கிற படம் வந்துவிடும். ஆனால் ஜூரோங்கை ஏன் கேட்டார் என்றுதான் தெரியவில்லை. எம்ஆர்டி ரயில் பாதை வேலை எப்போது முடியும் என்று பார்த்துவிட்டுக் கேட்டிருக்கலாம்.

சரி, விஷயத்துக்கு வருவோம். பவுல் அந்த இடத்தில் கடைசி காலத்தைப் பற்றிப் பாடம் எடுக்கவில்லை. திட்டிக்கொண்டிருக்கிறார். கொரிந்து சபையில் ஒருவர்மேல் ஒருவர் வழக்குப் போட்டுக்கொண்டு ஊர் நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறார்கள். உலகத்தையே தீர்க்கப்போகிறவர்களுக்கு இந்த அற்ப வழக்கைத் தீர்க்கத் துப்பில்லையா என்பதுதான் கேள்வி. பரிசுத்தவான்கள் தீர்ப்பார்கள் என்ற செய்தி அவர்களுக்குப் புதிது இல்லை. "அறியீர்களா" என்று இரண்டு முறை கேட்கிறார். ஏற்கெனவே தெரிந்ததை வைத்து வெட்கப்படுத்துகிறார்.

ஒரு அதிகாரம் முன்னால் போய்ப் பாருங்கள். 5:12இல், "புறம்பே இருக்கிறவர்களைக்குறித்துத் தீர்ப்புச்செய்கிறது என் காரியமா?" என்கிறார். அடுத்த வரியிலேயே அவர்களைத் தேவன் பார்த்துக்கொள்வார் என்று முடிக்கிறார். அந்த அக்காவின் அம்மா "புறம்பே" இருக்கிறவர். இன்றைக்கு அவரைத் தீர்ப்பது பவுலுக்கே வேலை இல்லை என்றால், வீட்டுக்கூட்டத்துக்கு எப்படி வேலையாகும்?

நவம்பர் 4

மேலே எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர், "அப்படியானால் அது வெறும் பேச்சுத் திறமை, உண்மையில் யாரும் யாரையும் தீர்க்கப்போவதில்லை, அவ்வளவுதானே" என்று எழுதியிருக்கிறார். அவ்வளவு சுலபமாக நழுவ முடியாது. தானியேல் 7:22இல் பரிசுத்தவான்களிடம் நியாயவிசாரிப்பு ஒப்புவிக்கப்படுகிறது. மத்தேயு 19:28இல் பன்னிரண்டு சிங்காசனங்கள். லூக்கா 22:30இல் மறுபடியும் சிங்காசனங்கள். வெளிப்படுத்தல் 2:26, 3:21, 20:4 என்று வரிசையாக வருகிறது. ஓஃபிர் ரோடு லூர்து மாதா ஆலயத்துக்குப் போகிற என் நண்பர், தங்கள் கத்தோலிக்க வேதாகமத்தில் சாலமோனின் ஞானம் 3:8லும் இதே கருத்து இருப்பதாகச் சொன்னார். நீதிமான்கள் நாடுகளுக்குத் தீர்ப்பு வழங்குவார்கள் என்று வருகிறதாம். அடக்கப் பூசையில் வாசிக்கிற பகுதி என்பதால் அவருக்கு அது மனப்பாடம்.

ஆக, வாக்குத்தத்தம் இருக்கிறது. ஆனால் அது எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். லூக்கா 22இல் கடைசி இராப்போஜனம் நடக்கிறது. தங்களில் யார் பெரியவன் என்று சீஷர்கள் வாக்குவாதம் செய்கிறார்கள். புறஜாதியாரின் ராஜாக்கள்தான் அப்படி ஆளுவார்கள், உங்களுக்குள்ளே அப்படி இருக்கக்கூடாது என்று இயேசு கண்டிக்கிறார். அந்தக் கண்டிப்போடு ஒட்டித்தான் சிங்காசனம் வருகிறது. மத்தேயுவில் இன்னும் வேடிக்கை. 19இல் சிங்காசனம் என்று சொன்னாரோ இல்லையோ, 20இல் செபெதேயுவின் மனைவி வந்து தன் பிள்ளைகளுக்கு வலது பக்கம் ஒன்று, இடது பக்கம் ஒன்று என்று நிற்கிறாள். தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ முடிவு வந்ததும் பள்ளிக்கூட வாசலில் நிற்கிற அம்மாக்கள் ஞாபகம் வருகிறது.

நவம்பர் 4, சற்று நேரம் கழித்து

இன்னொன்று. மத்தேயு 19:28இல் "பன்னிரண்டு" என்று சொன்னபோது யூதாசும் அங்கேதான் இருந்தான். வாக்குத்தத்தம் காதில் விழுந்தது என்பதால் நாற்காலி உறுதி ஆகிவிடாது.

நவம்பர் 6

நான் எந்தப் பக்கத்திலிருந்து பேசுகிறேன் என்று கேட்டிருந்தார்கள். வளர்ந்தது பிரதரன் (Brethren) சபைக் கூட்டத்தில். கல்யாணத்துக்கு அப்புறம் மனைவியோடு மெதடிஸ்ட் சபை. இரண்டு பக்கமும் கொஞ்சம் சந்தேகமாகத்தான் பார்ப்பார்கள்.

சின்ன வயதில் எங்கள் கூட்டத்தில் கடைசி காலத்தைப் படமாக வரைந்த ஒரு துணி இருந்தது. சுவரின் ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை நீளும். இடது ஓரம் ஏதேன் தோட்டம், நடுவில் சிலுவை, அதை அடுத்து மேலே ஏறிப்போகிற ஓர் அம்புக்குறி. அதுதான் இரகசிய வருகை. அப்புறம் ஏழு வருட உபத்திரவ காலம், ஆயிரவருட அரசாட்சி, கடைசியில் வெள்ளைச் சிங்காசனம். கீழ் வலது மூலையில் அக்கினிக்கடல். அந்தச் சிவப்புச் சாயம் மட்டும் துணியின் பின்பக்கம் வரை ஊறியிருந்தது. மடித்து வைத்தாலும் எந்தப் பக்கம் நரகம் என்று வெளியிலிருந்தே தெரியும். போதகம் செய்கிறவர் கையில் ஒரு ரோத்தான், பிரம்புதான். அடிக்க இல்லை, காட்டத்தான். ஆனாலும் ரோத்தான் ரோத்தான்தானே, சின்னப் பிள்ளைகள் யாரும் தூங்க மாட்டோம்.

அந்தத் துணியில் நியாயத்தீர்ப்பு ஒன்று இல்லை, பல. விசுவாசிகளுக்குக் கிறிஸ்துவின் நியாயாசனம் தனி. அங்கே தண்டனை கிடையாது, கிரீடம் கிடைக்குமா கிடைக்காதா என்பதுதான் கேள்வி. அவிசுவாசிகளுக்கு ஆயிரம் வருடம் கழித்து வெள்ளைச் சிங்காசனம். அதாவது நம் வழக்கு முதலிலேயே முடிந்துவிடும். மற்றவர்கள் வழக்கு நடக்கும்போது நாம் மேலே உட்கார்ந்திருப்போம். ஜூரோங் அண்ணனின் சிரிப்பு அங்கேயிருந்து வருகிறது.

இந்த அமைப்பு எப்போது வந்தது என்று வளர்ந்த பிறகுதான் படித்தேன். ஜான் நெல்சன் டார்பி என்ற பிரதரன் தலைவர் 1830களிலிருந்து இதை வகுத்துச் சொன்னார். 1909இல் வந்த ஸ்கோஃபீல்டு வேதாகமம் வசனத்துக்குக் கீழேயே குறிப்பாக அச்சடித்து உலகமெல்லாம் கொண்டுபோனது. வசனம் எது, குறிப்பு எது என்று பிரித்துப் பார்க்காமலே பல பேர் படித்தார்கள்.

நம்மவர்களுக்கும் இதில் பழைய சம்பந்தம் உண்டு. பிரதரன் மிஷனரி அந்தோணி நாரிஸ் குரோவ்ஸோடு பழகிய அருளப்பன் திருநெல்வேலிப் பக்கம் கிறிஸ்தியான்பேட்டையில் ஊழியம் செய்தார். 1860இல் அங்கே பெரிய எழுப்புதல் எழும்பியது. அடுத்த தலைமுறையில், தமிழ்ப் பிராமணக் குடும்பத்திலிருந்து கிறிஸ்தவரான ஜஸ்டஸ் ஜோசப் திருவிதாங்கூரில், 1881இல் ஆண்டவர் வந்துவிடுவார் என்று அறிவித்தார். 1881 வந்தது, போனது. அவர் எழுதிய மலையாளப் பாட்டுகளைச் சபைகள் இன்னும் பாடுகின்றன. தேதி போச்சு, பாட்டு நின்றது.

நவம்பர் 7

தேதி என்றதும் 2011 மே 21ஐப் பற்றிக் கேட்கிறார்கள். ஆமாம், அமெரிக்க வானொலிப் பிரசங்கி ஹாரல்டு கேம்பிங் குறித்த நாள். இங்கே மே 7 பொதுத்தேர்தல் முடிந்து சரியாக இரண்டு வாரம். காப்பிக்கடையில் ஒரு பெரியவர், "ஓட்டுப் போட்டதுக்கு அப்புறம் சொல்றாங்களே, முன்னாடியே சொல்லியிருந்தா வரிசையில நின்னிருக்க மாட்டேனே" என்றார். மே 21 தப்பியதும் அதே ஆண்டு அக்டோபர் 21 என்று மாற்றினார் கேம்பிங். அதுவும் தப்பியது.

வெளிப்படுத்தலில் வருகிற மிருகத்தின் எண் 666 பற்றிக் கேட்டவருக்கு: 2020இல் கோவிட் தொடர்பைத் தடமறிகிற டிரேஸ்டுகெதர் டோக்கன் கைக்கு வந்தபோது, அதுதான் அந்த முத்திரை என்று எங்கள் குடும்ப வாட்ஸாப்பில் வந்த காணொளிகளை இங்கே பகிரப்போவதில்லை. இப்போது அதே மாமா அரசாங்க அடையாளச் செயலியான சிங்பாஸில் முகம் காட்டி சிபிஎஃப் சேமநிதிக் கணக்கைப் பார்க்கிறார்.

நவம்பர் 9

ஞாயிறு ஆராதனை முடிந்து எழுதுகிறேன். மெதடிஸ்ட் சபையில் விசுவாசப்பிரமாணம் சொல்லும்போது "உயிருள்ளோரையும் மரித்தோரையும் நியாயந்தீர்க்க வருவார்" என்று வருகிறது. வருகிறவர் ஒருவர். ஆயிரம் வருடமும் இல்லை, ஏழு வருடமும் இல்லை, நாமும் அதில் நீதிபதியாக இல்லை. யோவான் 5:22உம் அதையே சொல்கிறது, நியாயத்தீர்ப்பு முழுவதும் குமாரனிடம்.

"ஆயிரம் வருடம் வேதத்திலேயே இருக்கிறதே" என்றால், ஆமாம், வெளிப்படுத்தல் 20இல் ஆறு முறை இருக்கிறது. வேறெங்கே இருக்கிறது என்பதுதான் சண்டை. பழைய திருச்சபைப் பிதா அகஸ்தீன் முதலில் அதை நேரடியாகத்தான் எடுத்துக்கொண்டிருந்தார், பிறகு மாறினார். "கடவுளின் நகரம்" நூலின் 20ஆம் புத்தகத்தில் அந்த ஆயிரம் வருடம் இப்போது நடக்கிற சபையின் காலம் என்கிறார். யோவான் கண்ட சிங்காசனங்களையும் கடைசி நாளுக்குத் தள்ளாமல், இன்று சபையை நடத்துகிறவர்களின் ஆசனங்களாகப் பார்க்கிறார்.

ஒருவர் உடனே, "அகஸ்தீனுக்கு முன்னாலிருந்த பிதாக்கள் எல்லாம் ஆயிரவருடக்காரர்கள்" என்று எழுதியிருக்கிறார். எல்லாரும் இல்லை. யுஸ்தீனும் ஐரேனியுவும் நம்பினார்கள், உண்மைதான். ஆனால் யுஸ்தீனே திரிபோ என்ற யூதரோடு நடத்திய உரையாடலில், நல்ல விசுவாசிகளிலேயே பலர் வேறுமாதிரி நினைக்கிறார்கள் என்று ஒத்துக்கொள்கிறார். இரண்டாம் நூற்றாண்டிலேயே இந்தச் சண்டை இருந்திருக்கிறது, பெருந்தன்மையும் இருந்திருக்கிறது. நம் வாட்ஸாப் குழுவில் முதலாவது மட்டும் இருக்கிறது.

ஒன்று சொல்ல வேண்டும். அகஸ்தீன் சொன்னதும் எனக்கு நிம்மதி தரவில்லை. நாற்காலி எதிர்காலத்தில் இருந்தால் அண்ணன் ஜூரோங் கேட்பார். நாற்காலி இப்போதே சபையில் இருக்கிறது என்றால் கமிட்டிக்காரர்கள் உட்கார்ந்துவிடுவார்கள். எது ஆபத்து என்று சொல்லத் தெரியவில்லை.

நவம்பர் 13

கமிட்டி என்று சொன்னதற்குக் காரணம் கேட்டார்கள். சொல்கிறேன். பல வருடம் முன்பு, நான் அப்போது போய்க்கொண்டிருந்த ஒரு சபை. பெயர் வேண்டாம்.

சபையில் இரண்டு பேர் சேர்ந்து கேட்டரிங் செய்தார்கள். சமையல் ஒரு விதவை அம்மா. ஆர்டர் பிடிப்பதும் காசு வாங்குவதும் ஒரு தம்பி, நன்றாகப் பேசுவார், ஜெபமும் நன்றாகச் செய்வார். வியாபாரம் படுத்தது. தேக்சா, அடுப்பு எல்லாம் தன் காசில் வாங்கியது, கூலியும் பாக்கி என்றார் அம்மா. லாபமே வரவில்லை, எங்கிருந்து கொடுப்பது என்றார் தம்பி. அம்மாவின் மகள் வக்கீலைப் பார்க்கலாம் என்றதும் மூப்பர்கள் 1 கொரிந்தியர் 6ஐ எடுத்துவிட்டார்கள். நீதிமன்றம் வேண்டாம், சபையிலேயே பேசுவோம்.

நான் செயலாளர், மினிட்ஸ் எழுத உட்கார்ந்திருந்தேன். மேசைக்கு இந்தப் பக்கம் மூப்பர்கள், தம்பியும் அவர்களோடு வரிசையில் ஒரு நாற்காலியில். அம்மாவுக்கு ஃபிரிட்ஜ் பக்கத்தில் பிளாஸ்டிக் ஸ்டூல். அவர் கொண்டுவந்தது ஒரு 555 நோட்டுப்புத்தகம். மளிகைக் கடையில் கடன் எழுதுவார்களே, அதே சின்னப் புத்தகம். பக்கமெல்லாம் மஞ்சள் கறை. பென்சிலில் எழுதி, தம்பி பாதி கொடுத்தபோதெல்லாம் அழித்து, திரும்ப எழுதியிருந்தார். அழித்து அழித்து சில இடத்தில் தாள் ஓட்டையாகியிருந்தது. மூப்பர் ஒருவர் அதைக் கையில் வாங்கிப் புரட்டிவிட்டு, "இதெல்லாம் கணக்கா சிஸ்டர்? ரசீது இருக்கா?" என்றார். தம்பியிடம் ரசீது இருந்தது. எக்ஸெல் தாள் இருந்தது.

அப்புறம் 7ஆம் வசனத்தை வாசித்தார்கள். "நீங்கள் ஏன் அநியாயத்தைச் சகித்துக்கொள்ளுகிறதில்லை, ஏன் நஷ்டத்தைப் பொறுத்துக்கொள்ளுகிறதில்லை?" அம்மா அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "தம்பிக்கும் இதை வாசிச்சுக் காட்டினீங்களா?" என்றார். மினிட்ஸில் அந்தக் கேள்வி இடம்பெறவில்லை. எழுதினேன், திருத்தத்தில் எடுத்துவிட்டார்கள். கேட்டதில் பாதிக்கும் கீழே ஒரு தொகைக்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டார். அதற்குப் பிறகு அவரை அந்தச் சபையில் பார்க்கவில்லை.

நஷ்டத்தைப் பொறுத்துக்கொள்ளச் சொல்கிற வசனம் எப்போதும் நஷ்டப்பட்டவரிடம்தான் போகிறது. ஆனால் அடுத்த வசனம் 8 யாருக்கு? "நீங்களே அநியாயஞ்செய்கிறீர்கள்" என்று தொடங்குகிறது. அதை அன்றைக்கு யாரும் வாசிக்கவில்லை. அதைவிட 4ஆம் வசனம். தீர்ப்புச் செய்ய "சபையில் அற்பமாயெண்ணப்பட்டவர்களை" உட்கார வையுங்கள் என்கிறது நம் வேதாகமம். சிலர் இதைப் பவுலின் கிண்டல் என்கிறார்கள். கிண்டலாகவே இருக்கட்டும். அந்த அறையில் அற்பமாயெண்ணப்பட்டவர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார், தீர்ப்பு மேசையிலிருந்து வந்தது.

நவம்பர் 14

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர் கோபமாக, "அப்படியானால் சபைக்குள் எதையும் தீர்க்கக்கூடாதா, எல்லாவற்றுக்கும் வக்கீலா?" என்கிறார். நான் அப்படிச் சொல்லவில்லை. அண்டை வீட்டுத் தகராறுக்கே இந்த ஊரில் சமூக மத்தியஸ்த நிலையம் இருக்கிறது. வழக்குக்கு முன்னால் உட்கார்ந்து பேசுவது நல்லதுதான். யார் எங்கே உட்காருகிறார்கள் என்பதைப் பாருங்கள், அவ்வளவுதான்.

ஒரு எல்லையும் சொல்லிவிடுகிறேன். பவுல் பேசுவது கொடுக்கல்வாங்கல் வழக்கு. குற்றம் வேறு. அதற்கு, அரசாங்க அதிகாரத்துக்குக் கீழ்ப்படியச் சொல்கிற ரோமர் 13 இருக்கிறது. 2015இல் இங்கே ஒரு பெரிய சபையின் தலைவர்கள் ஆறு பேர் சபைப் பணத்தைத் தவறாகப் பயன்படுத்தியதாக நீதிமன்றம் தீர்த்தது. கிட்டத்தட்ட 50 மில்லியன் வெள்ளி. அப்போதும், "உலக நீதிமன்றத்துக்கு என்ன அதிகாரம், 1 கொரிந்தியர் 6" என்று சிலர் சொல்லக் கேட்டேன். அந்த வசனம் சபையாரின் சில்லறை வழக்குக்கு. தணிக்கையாளரிடமிருந்து ஒளிந்துகொள்ள இல்லை. பிள்ளைகளுக்கு ஒரு தீங்கு நடந்தால் போலீசுக்குப் போவதைத் தடுக்க இந்த அதிகாரத்தை எடுக்கிறவர்களும் உண்டு. அவர்களோடு இங்கே விவாதிக்க எனக்குப் பொறுமை இல்லை.

நவம்பர் 16

இந்த இழையில் நான் உண்மையிலேயே சொல்ல நினைத்தது இதுதான். சுற்றி வந்துவிட்டேன்.

"நியாயந்தீர்ப்பார்கள்" என்றதும் நம் மனதில் வருவது மேலே உட்கார்ந்த ஒரு வரிசை. அமெரிக்கப் படங்களில் பார்த்த ஜூரி. இந்த ஊரில் அதுவும் இல்லை. 1960இல் ஜூரியை மரண தண்டனை வழக்குகளுக்கு மட்டும் என்று சுருக்கினார்கள். வழக்கறிஞர் டேவிட் மார்ஷல் மன்றாடிப் பார்த்தும் 1969இல் சட்டம் கொண்டுவந்து அதையும் எடுத்துவிட்டார்கள். ஆகவே சிங்கப்பூர்க்காரனுக்கு நீதிமன்றத்தில் கிடைக்கக்கூடிய இடம் இரண்டு. ஒன்று குற்றவாளிக் கூண்டு, இன்னொன்று சாட்சிக் கூண்டு.

இப்போது மத்தேயு 12:41 வாசியுங்கள். நியாயத்தீர்ப்பு நாளில் நினிவே பட்டணத்தார் எழுந்திருந்து இந்தச் சந்ததியைக் குற்றப்படுத்துவார்கள். 42இல் தென்தேசத்து ராஜஸ்திரீ. அவர்களுக்குச் சிங்காசனம் எதுவும் சொல்லப்படவில்லை. எழுந்து நிற்கிறார்கள், அவ்வளவுதான். யோனாவின் ஒற்றைப் பிரசங்கத்துக்கு நினிவேக்காரர்கள் மனந்திரும்பினார்கள், சாலொமோனின் ஞானத்தைக் கேட்க அந்த ராணி பூமியின் எல்லையிலிருந்து வந்தார். கிடைத்த கொஞ்சத்தை வைத்து அவர்கள் செய்தது, எல்லாம் கிடைத்தும் செய்யாதவர்களுக்கு எதிராக நிற்கிறது. எபிரெயர் 11:7இல் நோவாவும் இப்படித்தான் உலகத்தை ஆக்கினைக்குள்ளாகத் தீர்த்தான். எப்படி? பேழையைக் கட்டி. கையில் சுத்தியல் இருந்தது, நீதிபதியின் சுத்தியல் இல்லை.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. நாலாம் நூற்றாண்டு யோவான் கிறிசோஸ்தம், 1 கொரிந்தியர் பிரசங்கங்களில் இந்த வசனத்துக்கு வரும்போது, பரிசுத்தவான்கள் உட்கார்ந்து கணக்குக் கேட்கப்போவதில்லை என்று தெளிவாகச் சொல்கிறார். அவர்கள் வாழ்ந்த வாழ்க்கையே உலகத்தைக் குற்றப்படுத்தும் என்கிறார். சாட்சிக்கு இதே நினிவேயையும் தென்தேசத்து ராணியையும்தான் அழைக்கிறார்.

அந்த இரண்டு சாட்சிகளும் யார் என்று மறுபடியும் பாருங்கள். இருவரும் புறஜாதியார். எழுந்திருந்து குற்றப்படுத்துவது யாரை? தேவனுடைய ஜனத்தை. பேதுரு வேறு நியாயத்தீர்ப்பு தேவனுடைய வீட்டிலே துவங்கும் என்கிறார். வீட்டுக்கூட்டத்திலிருந்து எழுந்து போன அக்காவின் அம்மாவைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. ஆனால் அவர் அண்டை வீட்டு நோயாளிக்குக் கஞ்சி கொண்டுபோகிறவராக இருந்து, நாம் லிஃப்டில்கூட முகம் பார்க்காதவர்களாக இருந்தால், அந்த நாளில் யார் யாரைப் பார்த்து எழுந்து நிற்பார்கள் என்பதை யோசிக்கலாம். இரட்சிப்பு எப்படி என்பது வேறு கேள்வி, அதில் நான் கை வைக்கவில்லை. கேள்வி தீர்ப்பில் நம் இடம் என்ன என்பதுதான்.

நவம்பர் 17

"தேவதூதர்கள்?" என்று ஒரே ஒரு சொல்லோடு பின்னூட்டம். நியாயமான அடி. நினிவேக்காரன் எழுந்து நின்றால் மனுஷன் குற்றப்படுவான், தூதனுக்கு என்ன? கிறிசோஸ்தம் இது பிசாசுகளைப் பற்றியது என்கிறார். யூதா 6இல் தங்கள் ஆதிமேன்மையைக் காத்துக்கொள்ளாமல் விழுந்த தூதர்கள் மகாநாளின் தீர்ப்புக்காகக் கட்டி வைக்கப்பட்டிருக்கிறார்கள். சரீரமே இல்லாத அவர்கள் விழுந்தார்கள், பசியும் தூக்கமும் உள்ள மனுஷர் நின்றார்கள் என்பதுதான் அங்கே சாட்சி. 16ஆம் தேதி எழுதியது இதற்கும் ஒத்துப்போகிறது என்றே நினைக்கிறேன். முழுக்க ஒத்துப்போகிறதா என்றால், வெளிப்படுத்தல் 20:4 இடிக்கிறது. அங்கே நிஜமாகவே உட்காருகிறார்கள், அதிகாரமும் அளிக்கப்படுகிறது. சாட்சிக் கூண்டு என்று சொல்லி அதைச் சமாளிக்க முடியாது.

ஆனால் உட்காருகிறவர்கள் யார் என்று அந்த வசனமே அடுத்த மூச்சில் காட்டுகிறது. இயேசுவைப்பற்றிய சாட்சிக்காகச் சிரச்சேதம் பண்ணப்பட்டவர்கள். நீதிமன்றத்தில் தோற்றவர்கள். ரோமப் பேரரசின் நீதிபதி முன்னால் நின்று தலை இழந்தவர்களுக்குக் கிடைக்கிற நாற்காலியை, பிடோக்கில் குளிர்சாதன அறையில் பைபிள் ஸ்டடி நடத்துகிற நான் எனக்கென்று எடுத்துக்கொள்ள எனக்கே கூச்சமாக இருக்கிறது.

நவம்பர் 20

ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் நண்பர் ஒருவர் தனியாக எழுதினார். அவர்கள் போதனைப்படி அந்த ஆயிரம் வருடம் பூமியில் அரசாட்சி இல்லை. பூமி பாழாய்க் கிடக்கும். மீட்கப்பட்டவர்கள் பரலோகத்தில் கெட்டுப்போனவர்களின் புத்தகங்களைத் திறந்து பார்ப்பார்கள். தண்டனையை மாற்ற இல்லை. "ஏன் என் தங்கை இங்கே இல்லை" என்று கேட்பவருக்குப் பதில் கிடைக்க.

அவர்களுடைய காலக்கணக்கை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. பரலோகத்தில் விசாரணைத் தீர்ப்பு தொடங்கிய ஆண்டு என்று 1844க்கு அவர்கள் கொடுக்கிற இடம் எனக்குத் தொண்டையில் இறங்கவே இறங்காது. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் மற்ற எல்லாரையும்விட இவர்கள் அந்த அக்காவின் கேள்வியை மதித்திருக்கிறார்கள். தேவன் தம் தீர்ப்பைத் தம் ஜனத்தின் பார்வைக்குத் திறந்து வைக்கிறார் என்பது ஆதியாகமம் 18க்கும் பொருந்துகிறது. சோதோமுக்குச் செய்யப்போவதை ஆபிரகாமுக்கு மறைப்பேனோ என்கிறார் அங்கே. ஆபிரகாம் என்ன செய்தான்? ஊரைத் தீர்க்க உட்காரவில்லை. ஐம்பதில் தொடங்கிப் பத்து வரை பேரம் பேசினான். தேக்கா சந்தையில்கூட அப்படிப் பேச மாட்டோம்.

கடைசி காலத்தில் விசுவாசிக்குத் தீர்ப்பில் பங்கு உண்டென்றால், வேதத்தில் அதற்கு முதல் முன்மாதிரி இவன்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. நேற்று இதை மனைவியிடம் சொன்னேன். "அப்போ ஜூரோங் அண்ணனுக்கு ஜூரோங்கைக் கொடுக்கலாம், அவர் அதுக்காகப் பேரம் பேசுறதா இருந்தா" என்றாள்.

நவம்பர் 24

"வழவழவென்று எழுதாமல் ஒரு வரியில் சொல்லுங்கள், ஆயிரவருடம் உண்டா இல்லையா" என்று பூன் லே வாசகரே கேட்டிருக்கிறார். அகஸ்தீன் பக்கம் சாய்கிறேன், முழுக்க இல்லை. பூமி புதுப்பிக்கப்படும் என்று பிரதரன் கூட்டத்தில் கற்றதை விட மனமில்லை.

மத்தேயு 7:1க்கு இன்னும் பதில் சொல்லவில்லை என்றும் எழுதியிருக்கிறார். 1 கொரிந்தியர் 4:5 பாருங்கள். "கர்த்தர் வருமளவும் நீங்கள் காலத்துக்கு முன்னே யாதொன்றைக்குறித்தும் தீர்ப்புச்சொல்லாதிருங்கள்." ஆறாம் அதிகாரத்தை எழுதிய அதே கைதான். அதற்கு இரண்டு வரி முன்னால், தன்னைக்குறித்துக்கூடத் தான் தீர்ப்புச் சொல்வதில்லை என்கிறார். அவர் வரும் வரை கையில் இருப்பது நமக்குள் வருகிற கொடுக்கல்வாங்கல் வழக்குகள் மட்டும். அதையாவது 8ஆம் வசனத்தை விடாமல் வாசித்துத் தீருங்கள்.

அடுத்த ஞாயிறு, கிறிஸ்துமஸுக்கு ஆயத்தமாகிற அட்வென்ட் காலம் தொடங்குகிறது. வாசிக்கப்போகிற பகுதி மத்தேயு 24, அந்த நாளையும் நாழிகையையும் ஒருவனும் அறியான் என்பது. இரண்டுபேர் வயலில் இருப்பார்கள், ஒருவன் ஏற்றுக்கொள்ளப்படுவான், ஒருவன் கைவிடப்படுவான் என்ற வசனமும் அதிலேயே வருகிறது. நோவா காலத்தில் வாரிக்கொண்டு போகப்பட்டது யார், மீந்திருந்தது யார் என்று கேட்டால் துணிப்படத்து அம்புக்குறி எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதே சண்டையாகிவிடும். அதற்கு வேறு இழை திறந்துகொள்ளுங்கள், இதிலே போட வேண்டாம்.